காசில் இருக்கும் ஊர்களுக்கு: லூபெக்கிலிருந்து வாட்டர்லூ வரை

செவ்வாய், லூபெக்

லூபெக் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஹோல்ஸ்டன்டோர் கோட்டை வாசல் கண்ணில் பட்டுவிடும். கூம்பு மாதிரி கூரை போட்ட இரண்டு பருத்த செங்கல் கோபுரம், நடுவில் படிப்படியாக ஏறும் முகப்பு. 1464-இல் தொடங்கி 1478-இல் கட்டி முடித்தது. அடியில் சதுப்பு நிலம் என்பதால் கட்டும்போதே இறங்க ஆரம்பித்துவிட்டது, இன்றைக்கும் கோபுரங்கள் சாய்ந்து நிற்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. பழைய 50 மார்க் நோட்டில் இருந்தது இந்த வாசல்தான். 2006-இல் 2 யூரோவிலும் ஏறிவிட்டது.

இந்தப் பயணத்துக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. நினைவு நாணயத்தில் எந்த இடம் இருக்கிறதோ அந்த இடத்துக்கு அந்த நாணயத்தோடு போய் நிற்க வேண்டும். ஆல்பத்தில் வைத்துப் பார்த்தது போதும் என்று தோன்றிவிட்டது.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: யூரோ நாணயத்தில் ஒரு முகம் எல்லா நாட்டுக்கும் பொது, மதிப்பும் ஐரோப்பாவின் வரைபடமும் இருக்கும். மறுமுகம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். 2004-லிருந்து 2 யூரோவின் இந்தச் சொந்த முகத்தை மட்டும் ஏதாவது ஒரு நிகழ்வுக்காக மாற்றி அடிக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். முதலில் வந்தது கிரீஸ், ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்காக, வட்டெறியும் வீரனின் சிலையோடு. அந்த வருடமே மொத்தம் ஆறு நாடுகள் வெளியிட்டன. முதலில் ஒரு நாட்டுக்கு வருடத்துக்கு ஒன்று என்று இருந்ததை 2012-இல் இரண்டாக்கினார்கள். அது தவிர, எல்லா நாடும் சேர்ந்து ஒரே படத்தை அடிக்கும் கூட்டு வெளியீடுகளும் உண்டு. முக்கியமான விஷயம், இவை எல்லாம் செல்லும் காசு. கடையில் மிச்சச் சில்லறையாகவே உங்கள் கைக்கு வரும், எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அதனால்தான்.

ஜெர்மனி 2006-இல் தன் 16 மாநிலங்களுக்கும் வருடம் ஒன்று என்று வரிசையாக அடிக்கத் தொடங்கியது. முதல் நாணயம் இந்த லூபெக் வாசல், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்துக்காக. வரிசை அகர வரிசையும் இல்லை, பெரிய மாநிலம் சின்ன மாநிலம் என்ற கணக்கும் இல்லை. மாநிலங்களின் மேலவையான புண்டெஸ்ராட்டின் தலைமைப் பதவி வருடா வருடம் சுற்றி வரும், அந்த வருடம் எந்த மாநிலத்தின் கையில் அது இருக்கிறதோ அந்த மாநிலம்தான் நாணயத்தில். 2022-இல் துரிங்கியாவின் வார்ட்புர்க் கோட்டையோடு முதல் சுற்று முடிந்தது. நடுவில் 2019-இல் மட்டும் மாநிலத்துக்குப் பதில் புண்டெஸ்ராட்டையே போட்டார்கள்.

வாசலுக்கு எதிரே புல்வெளியில் உட்கார்ந்து நாணயத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். 25.75 மில்லிமீட்டர் வட்டத்தில், அதிலும் உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதிக்குள் மட்டும், இவ்வளவு செங்கலை அடக்க வேண்டும் என்றால் எதை விடுவது என்று தெரிந்த கை வேண்டும்.

லூபெக்கின் மார்ஸிபன் இனிப்பு வாங்கிக்கொண்டேன். நாளை ஹாம்பர்க்.

புதன், ஹாம்பர்க்

ஹாம்பர்க்குக்கு இரண்டு நாணயம். 2008-இல் புனித மிக்கேல் தேவாலயம், ஊர்க்காரர்கள் 'மிஷல்' என்று செல்லமாகச் சொல்வது. இரண்டாவது சுற்று 2023-இல் தொடங்கியபோது முதல் முறை வந்ததும் ஹாம்பர்க்தான், இந்த முறை எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கம். ஒரே ஊர், 15 வருட இடைவெளி, ஒன்றில் பரோக் கோபுரம், இன்னொன்றில் பழைய செங்கல் கிடங்கின் தலைமேல் அலையலையாய் எழும் கண்ணாடிக் கட்டடம். 2017-இல் திறந்த கட்டடம் ஆறே வருடத்தில் நாணயத்துக்கு வந்துவிட்டது. தன்னைப் பற்றி ஒரு ஊர் எதைச் சொல்ல நினைக்கிறது என்பது மாறிவிட்டதைக் காட்ட இந்த இரண்டு காசுமே போதும்.

மிஷலின் கோபுரத்தில் ஏறினால் எல்ப்ஃபில்ஹார்மனி தெரிகிறது, எல்ப்ஃபில்ஹார்மனியின் மாடத்தில் நின்றால் மிஷல் தெரிகிறது. இரண்டிலும் ஏறினேன். மிஷலின் கோபுரம் 132 மீட்டர், பார்வை மேடை எல்ப் ஆற்று மட்டத்திலிருந்து 106 மீட்டர் உயரத்தில். ஏறத் தெம்பிருந்தால் 450-க்கும் மேல் படி, இல்லாவிட்டால் லிஃப்ட்.

இரவு தங்கியது நண்பர் வீட்டில். அவருடைய அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து பல வருடமாகச் சின்னதாக ஒரு மளிகைக் கடை நடத்துகிறார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார், கடைக்கு வந்த 2 யூரோவில் படம் வித்தியாசமாக இருப்பதை எல்லாம் போட்டு வைத்தது. "எடுங்கோ தம்பி, எது வேணுமோ எடுங்கோ. எனக்கு எல்லாம் 2 யூரோதானே" என்றார். "சும்மா வேண்டாம் அம்மா, எண்ணிக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அந்த மேஜையில் கழிந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் உண்மையில் எழுத வேண்டும். கையில் லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி, மேலே குழல் விளக்கு. ஜெர்மன் நாணயத்தில் முதலில் தேட வேண்டியது அச்சாலை எழுத்து. ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹே, ஜே ஹாம்பர்க். ஐந்து இடத்தில் அடிப்பதால் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து காசு சேர்த்தால்தான் வரிசை முழுதாகும். அப்புறம் விளிம்பு. ஜெர்மன் நாணயத்தின் விளிம்பில் 'ஒற்றுமை, நீதி, சுதந்திரம்' என்று அவர்களுடைய தேசிய கீதத்தின் சொற்கள் ஓடும். விளிம்பையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 2021-இல் லித்துவேனியா சுவிந்தாஸ் சரணாலயத்துக்கு அடித்த 2 யூரோவில் ஒரு பகுதிக்கு லாத்வியாவின் விளிம்பு வாசகம் விழுந்துவிட்டது. லாத்வியாவின் காசையும் அடித்துக் கொடுத்த அதே அச்சாலை. கவனித்தவர்கள் சேகரிப்பாளர்கள்தான், அந்தச் சில நூறு நாணயங்களின் விலை எங்கோ போய்விட்டது.

டின்னில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இல்லாத ஜி எழுத்து பிரெமன் ஒன்று இருந்தது. நாளைக்குப் போகிற ஊர்.

வியாழன், பிரெமன்

2010 நாணயத்தில் பிரெமன் நகர மண்டபமும் அதன் முன்னால் ரோலண்ட் என்ற பழங்கதை வீரனின் சிலையும். மண்டபம் பிரமாதம், ஆனால் நான் வந்தது சிலைக்காக.

ரோலண்ட் 1404-லிருந்து சந்தைச் சதுக்கத்தில் நிற்கிறார். கையில் உருவிய வாள், மார்பில் பேரரசின் கழுகு பொறித்த கேடயம். இவருக்கு முன்னால் இங்கே நின்றது மரச் சிலை, அதை 1366-இல் பேராயரின் ஆட்கள் கொளுத்திவிட்டார்கள். நகரத்தார் விடவில்லை, இந்த முறை கல்லிலேயே செய்து, முகத்தைப் பேராலயத்தின் பக்கம் பார்க்க நிறுத்தினார்கள். 'நாங்கள் பேரரசருக்குத்தான் கட்டுப்பட்டவர்கள், உங்களுக்கு இல்லை' என்று பேராயரின் வாசலுக்கு நேராகச் சொல்வது மாதிரி. ரோலண்ட் நிற்கும் வரை பிரெமன் சுதந்திரமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

சிலையின் முழங்கால் கவசத்தில் கூர்மையான முள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பழைய பிரெமன் முழம் என்கிறார்கள், சந்தையில் துணி வாங்கியவர்கள் வியாபாரி சரியாக அளந்தானா என்று இங்கே வந்து சரிபார்த்துக்கொள்வார்களாம். நாணயத்தில் இந்த முள் தெரிகிறதா என்று லூப் வைத்துத் தேடினேன், தெரியவில்லை, ஆள் அவ்வளவு சின்னது. பிரெமன் மாநிலத்தைச் சொல்ல மண்டபத்தை மட்டும் போட்டிருந்தாலே நாணயம் அழகாக இருந்திருக்கும். அதன் முன்னால் இந்த மனிதரையும் விடாமல் நிறுத்தியது எனக்குப் பிடித்திருக்கிறது. மண்டபத்தைக் கட்டக் காசு எங்கிருந்து வந்தது, அந்தக் காசு ஏன் பேராயருக்குப் போகவில்லை என்பதற்கு விடை அவர்தானே.

வெள்ளி, கொலோன்

இதுதான் நான் ரொம்ப நாளாகக் காத்திருந்த நாள். கொலோன் பேராலயம் இரண்டு நாட்டு நாணயத்தில் இருக்கிறது. 2011-இல் ஜெர்மனி, நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்துக்காக. அதற்கு முன்னாலேயே 2005-இல் வாடிகன், அந்த வருடம் ஆகஸ்டில் கொலோனில் நடந்த உலக இளைஞர் நாளுக்காக. வாடிகன் நாணயத்தில் கோபுரங்களுக்கு மேலே ஒரு வால்நட்சத்திரம் போகிறது. கிழக்கிலிருந்து நட்சத்திரத்தைப் பார்த்து வந்த மூன்று அரசர்களின் எலும்புகள் என்று நம்பப்படுபவை இந்தக் கோயிலில்தான் தங்கப் பேழைக்குள் இருக்கின்றன, 1164-இல் மிலானிலிருந்து கொண்டுவந்தவை. ஜெர்மன் நாணயம் ஏறக்குறைய 3 கோடி அடித்தார்கள், வாடிகன் நாணயம் வெறும் 1 லட்சம். முதலாவது எனக்கு ஒரு டிக்கெட் இயந்திரம் சில்லறையாகத் துப்பியது. இரண்டாவதற்குப் பல மாதம் சேர்த்து வைத்த பணம் போயிற்று, நாணயம் வைக்கும் பிளாஸ்டிக் கேப்ஸ்யூலுக்குள் இருந்து அதை வெளியே எடுப்பதே இல்லை.

பேராலயத்தின் அடியில் நின்றால் கோயில் தெரியாது, சுவர்தான் தெரியும். 157 மீட்டர் உயரம். கழுத்தை எவ்வளவு பின்னால் சாய்த்தாலும் போதாது. ரயில் பாலத்தின் நடைபாதையில் காதலர்கள் மாட்டிய பூட்டுகளைத் தாண்டி ஆற்றின் மறுகரைக்குப் போய், டாய்ட்ஸ் பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் முழு உருவமும் ஒரே பார்வைக்குள் வந்தது. 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கட்டடம். இரண்டு நாணயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். ஜெர்மனிக்கு இது ஒரு மாநிலத்தின் அடையாளம். வாடிகனுக்கு யாத்திரை வந்து சேரும் இடம். கல் ஒன்றுதான்.

கோயிலும் சாமியும் காசில் வருவது எல்லா இடத்திலும் சுலபமாக நடந்துவிடவில்லை. ஸ்லோவாக்கியா 2013-இல் புனிதர்கள் சிரிலும் மெதோடியஸும் மொராவியாவுக்கு வந்த 1150-வது ஆண்டுக்காக ஒரு 2 யூரோ வரைந்தது. ஐரோப்பிய ஆணையமும் சில நாடுகளும் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டத்தையும் ஆடையில் இருக்கும் சிலுவையையும் எடுக்கச் சொன்னார்கள், மத விஷயத்தில் நடுநிலை வேண்டும் என்று. ஸ்லோவாக்கிய மத்திய வங்கியும் முதலில் சரி என்றுதான் சொன்னது. ஊரில் எதிர்ப்பு கிளம்பியதும் முடிவை மாற்றிக்கொண்டு, ஒளிவட்டத்தோடுதான் வெளியிடுவோம் என்று நின்று சாதித்தது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்தது சரி. ஒளிவட்டம் இல்லாவிட்டால் அது சிரிலும் இல்லை, மெதோடியஸும் இல்லை, யாரோ இரண்டு தாடிக்காரர்கள்.

சனி, ட்ரியர்

ஐஃபெல் மலைக்காடு வழியாக ரயில். ட்ரியரில் இறங்கி நேரே போர்ட்டா நிக்ரா. ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்துக்கான 2017 நாணயம். கி.பி. 170 வாக்கில் ரோமானியர்கள் கட்டத் தொடங்கிய வாசல், சாந்து கிடையாது, கல்லோடு கல்லை இரும்புக் கவ்வியால் பிணைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கல் சந்திக்கும் இடமெல்லாம் கை நுழையும் அளவுக்குக் குழி, இடைக்காலத்தில் இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசைப்பட்டுத் தோண்டி எடுத்த தடம். வாசலே முழுதாகப் பிழைத்ததற்குக் காரணம் 11-ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற துறவி இதற்குள் அடைபட்டு வாழ்ந்தது. அவர் இறந்த பிறகு இதைத் தேவாலயமாக்கினார்கள், அதனால் யாரும் இடிக்கவில்லை. அந்தத் தேவாலயப் பகுதிகளை எடுத்துவிட்டுப் பழைய வாசலை மீட்கச் சொன்னது நெப்போலியன்.

மதியம் ரைன்லாந்து மாநில அருங்காட்சியகம். நாணயம் சேர்ப்பவர்கள் வாழ்நாளில் ஒரு முறை வர வேண்டிய அறை இங்கே இருக்கிறது. 1993-இல் நிலத்தடி கார் நிறுத்தம் கட்டத் தோண்டியபோது கிடைத்த ரோமானியத் தங்க நாணயங்கள், 2,500-க்கும் மேல், 18.5 கிலோ. வட்டமான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். 2019-இல் திருடர்கள் வந்து கண்ணாடியை உடைக்கப் பார்த்து முடியாமல் ஓடிப்போனார்கள். ஒவ்வொரு நாணயமும் 2 யூரோவை விடச் சின்னது, ஆனால் பேரரசரின் தாடி மயிர் சுருள் சுருளாகத் தெரிகிறது. இதே ஆரியஸ் வகை ரோமானியத் தங்கக் காசு 501, புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் ஒரு பானையில் கிடைத்தது, அதிலிருந்து வந்தவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கும். இங்கே இருப்பவை வெட்டுப்படாத முகங்கள். அந்த அறையில் இருந்த நேரம் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் மார்க்ஸ் பிறந்த வீடும் உண்டு. 2018-இல் அவருடைய 200-வது பிறந்த ஆண்டுக்கு அவர் படத்தோடு 0 யூரோ நினைவு நோட்டு அடித்து 3 யூரோவுக்கு விற்றார்கள். நோட்டு என் துறை இல்லை, வாங்கவில்லை.

ஞாயிறு, லக்சம்பர்க்

சிறிய பதிவு. ரயில் ஒரு மணி நேரத்துக்குள். 2020 மார்ச்சிலிருந்து இந்த நாட்டில் பேருந்து, டிராம், ரயில் எல்லாம் இலவசம், ஆகவே டிக்கெட் இயந்திரத்தில் சில்லறை வாங்கும் என் பழக்கத்துக்கு இங்கே வேலை இல்லை. கடைகளிலும் எல்லோரும் கார்டைத்தான் தட்டுகிறார்கள். காலை முழுக்க காபியும் ரொட்டியுமாக நோட்டு கொடுத்து வாங்கியும் லக்சம்பர்க் நினைவு நாணயம் ஒன்றுகூட வரவில்லை.

லக்சம்பர்க் நாணயத்தை அடையாளம் காண்பது சுலபம். பாலமோ, அரண்மனையோ, எந்தச் சட்டத்தின் நூற்றாண்டோ, எதைப் போட்டாலும் ஓரத்தில் நாட்டின் கோமகன் முகம் இருந்தே தீரும். 2025 அக்டோபரில் ஹென்றி விலகி மகன் கியோம் பொறுப்பேற்றதால் இருபது வருடத்துக்கும் மேல் பார்த்துப் பழகிய முகம் மாறுகிறது. ஹென்றி வரிசையை முழுதாக முடிக்க நினைப்பவர்கள் இப்போதே தொடங்குவது நல்லது.

திங்கள், வாட்டர்லூ

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயில், அப்புறம் பேருந்து. சமவெளிக்கு நடுவில் திடீரென்று ஒரு செயற்கை மலை, உச்சியில் சிங்கம். நெதர்லாந்தின் மன்னர் முதலாம் வில்லியம், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் தன் மகன் காயம்பட்ட இடத்தில் எழுப்பச் சொன்னது, 1826-இல் முடிந்தது. 226 படி. மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. சிங்கம் வார்ப்பிரும்பு, 28 டன்.

இந்தச் சிங்க மேட்டோடு ஒரு 2 யூரோ நாணயம் வந்திருக்க வேண்டும். 2015-இல் போரின் 200-வது ஆண்டுக்கு பெல்ஜியம் வரைந்து முடித்து, ஏறக்குறைய 1.8 லட்சம் அடித்தும்விட்டது. நினைவு நாணயத்தின் படத்தை மற்ற யூரோ நாடுகளுக்கு அனுப்ப வேண்டும், ஆட்சேபம் இருந்தால் அவர்கள் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. பிரான்ஸ் சொன்னது. நெப்போலியன் தோற்ற நாளைப் பொறித்த காசு பிரெஞ்சுக்காரர்களின் பையிலும் புழங்கும், இது தேவையில்லாத மனக்கசப்பு என்று. பெல்ஜியம் பின்வாங்கி, அடித்ததை எல்லாம் அழித்தது. பிறகு விதியில் இருந்த இன்னொரு வழியைப் பிடித்தார்கள். புழக்கத்தில் இல்லாத மதிப்பில் அடிக்கும் சேகரிப்பு நாணயத்துக்கு மற்ற நாடுகளின் ஒப்புதல் வேண்டாம், ஆனால் அது வெளியிட்ட நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். அப்படிப் பிறந்ததுதான் வாட்டர்லூ 2.50 யூரோ, 70,000 நாணயம். படத்தில் சிங்க மேடும், படைகள் நின்ற இடத்தைக் காட்டும் கோடுகளும்.

இன்று காலையில் பிரஸ்ஸல்ஸின் ஜூ டெ பால் சதுக்கத்துப் பழைய பொருள் சந்தையில் அதில் ஒன்று அகப்பட்டது. பிளாஸ்டிக் உறை கிழியாமல். 12 யூரோ சொன்னார், 10-க்கு முடிந்தது. சிங்கத்தின் அடியில் நின்று உறையோடு தூக்கிப் பிடித்தேன். நாணயத்துக் கோடுகளையும் கீழே இருக்கும் வயல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், வலது பக்கம் ஊகுமோன் பண்ணை, நேரே பிரெஞ்சுப் படை ஏறி வந்த சரிவு என்று ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது.

பிரான்ஸ் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. பொதுக் காசில் ஒரு நாடு பொறிப்பதை மற்ற நாட்டு மக்களும் பையில் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. அதற்கு முந்தின வருடம், 2014-இல், நார்மண்டியில் நேச நாட்டுப் படை இறங்கிய 70-வது ஆண்டுக்கு இதே பிரான்ஸ் 2 யூரோ வெளியிட்டது. அந்தக் காசு இன்றைக்கும் ஜெர்மனியின் கடைகளில் புழங்குகிறது, ஹாம்பர்க் அம்மாவின் பிஸ்கட் டின்னிலேயே இரண்டு கிடந்தது. ஜெர்மனி 2020-இல் ஒருபடி மேலே போய், 1970-இல் வார்சாவில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவின் நினைவிடத்தின் முன்னால் மண்டியிட்ட மேற்கு ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்டையே தன் நாணயத்தில் போட்டுக்கொண்டது. அது மாதிரி ஒரு நாணயத்தை வேறு எந்த நாடும் அடித்து நான் பார்த்ததில்லை, என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

நாளை பிரஸ்ஸல்ஸில் அணு வடிவக் கட்டடமான அட்டோமியம், 2006 பெல்ஜிய நாணயம். வரைந்தவர் லுக் லுய்க்ஸ், எல்லா யூரோ காசின் பொது முகத்தையும் வரைந்த அதே பெல்ஜியர். உங்களிடம் 2 யூரோ ஒன்று இருந்தால் மதிப்பு எழுதியிருக்கும் பக்கத்தைத் திருப்பி, வலது ஓரத்தில் யூரோ என்ற சொல் முடியும் இடத்தைப் பாருங்கள், அவருடைய பெயரின் முதல் எழுத்துகள் இரண்டு எல் சேர்ந்து பொடியாக இருக்கும். லூப் கையில் இருந்தால் இன்னும் நல்லது.